கறையக்காவும் வக்கா மரமும்

சலவைக்கூடத்தில் அவளுக்குக் கறையக்கா என்றுதான் பெயர். எப்பேர்ப்பட்ட கறையும் அவள் கைபட்டால் போய்விடும். கணவன் செத்த துக்கம் ஆறுவதற்குள் கொழுந்தன் வந்து, "மெஷின் வாங்கிட்டேன் அண்ணி, இனிமே கறைக்குன்னு தனியா ஆள் வேண்டாம்" என்றான். நடுவில் சுவர் எழுந்தது. கூடம் அவனுக்கு, பின்னறையும் ஒரு மரமும் இவளுக்கு. பாவி, நன்றாகத்தான் பங்கு பிரித்தான்.

அந்த மரத்தில் வக்காக்கள், அதாவது இராக்கொக்குகள், குடியேறின. கழுத்தே இல்லாத மாதிரி குறுகி உட்கார்ந்து, சிவந்த கண்ணை மூடிப் பகலெல்லாம் தூங்கும். இருட்டத் தொடங்கினால் 'குவாக்' என்று கத்திக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிவிடும். தண்ணீரில் ஆடாமல் அசையாமல் நின்று மீன் பிடித்து, ராத்திரி ஷிப்ட் முடித்த ஆள்போல விடிந்ததும் வீடு திரும்பும். மரத்தின் பாதிக் கிளை சுவருக்கு அந்தப்பக்கம். அதன் கீழேதான் கொழுந்தன், ஒரு தங்கும் விடுதியிலிருந்து சலவைக்கு வரும் வெள்ளை விரிப்புகளைக் காயப்போட வேண்டும். அவனுக்கு வேறு இடம் இல்லை.

"எச்சம் தாங்க முடியல அண்ணி. மரத்த வெட்டிடலாமா?" என்று ஒருநாள் வந்து நின்றான்.

ஒருமுறை பூனை மரமேறியபோது அவள் பார்த்திருக்கிறாள். மிரண்ட குஞ்சுகள் தின்ற மீனையெல்லாம் கக்கித் தீர்த்துவிட்டன. இப்போதும் கூடு நிறையக் குஞ்சுகள்.

"மரம் என்ன பண்ணுச்சு தம்பி? தகரத்த எடுத்துத் தட்டுங்க, பறந்துடும்."

மறுநாள் காலை, கொடி நிறைய விரிப்புகள் காய்ந்துகொண்டிருக்க, மகராசன் தட்டோ தட்டென்று தட்டினான். பெரியவை பறந்தன. பறக்கத் தெரியாத குஞ்சுகள் கூட்டு விளிம்புக்கு வந்து வாந்தியெடுத்தன. பாதி செரித்த மீன், தவளை, எல்லாம் வெள்ளைத் துணிமேல். நாற்றம் தெருமுனை வரை போயிற்று. ஜன்னலோரம் நின்றவளுக்கு வயிறு குளிர்ந்தது. ஆனாலும் இது போதாது என்று தோன்றியது.

சற்று நேரத்தில் சட்டையெல்லாம் கறையோடு ஓடி வந்தான்.

"சாயங்காலம் விடுதிக்காரன் வந்துடுவான் அண்ணி. மெஷின்ல வெந்நீர் விடவா, பச்சத்தண்ணியா? நீங்கதான் சொல்லணும்."

இந்த வார்த்தைக்காகத்தானே அவள் காத்திருந்தாள். மீனோ முட்டையோ ரத்தமோ, பச்சைத்தண்ணீரில் அலசினால் போய்விடும். வெந்நீர் பட்டதோ, கறை நூலோடு சேர்ந்து வெந்துவிடும். அப்புறம் அவளே நினைத்தாலும் எடுக்க முடியாது.

"வெந்நீர்தான் தம்பி" என்றாள். "நல்லாக் கொதிக்கட்டும்."