சனிக்கிழமைத் தேதி

காஜா பேராங் கிளை எழுத்தர் சேதுபதியின் கையெழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அந்தப் பெருமைதான் அவரைக் கெடுத்தது.

மரண உதவிச் சங்கத்துக்கு காஜா பேராங், உஜோங் பாசிர், புக்கிட் ரம்பாய் என்று மூன்று கிளைகள். மூன்றிலும் ஒரே உறுப்பினர் பதிவேடு. இது மூலம், அது நகல் என்ற பேதம் கிடையாது. எந்தக் கிளையிலும் திருத்தலாம். திருத்தியதைத் தேதியோடு சீட்டில் எழுதி மற்ற இரண்டுக்கும் அனுப்ப வேண்டும். ஒரே ஆளைப் பற்றி இரண்டு சீட்டுகள் முட்டிக்கொண்டால் பிந்திய தேதிதான் செல்லும். நல்ல விதிதான், தேதி போடுகிறவன் ஒழுங்காக இருந்தால்.

சேதுபதி தனக்கு வரும் செய்தியை சிகரெட் அட்டையில் கிறுக்கி இழுப்பறையில் போட்டுவைப்பார். சனிக்கிழமை சாவகாசமாக உட்கார்ந்து, எல்லாவற்றையும் முத்துமுத்தாகச் சீட்டில் எழுதி, சனிக்கிழமைத் தேதியைப் போடுவார். பத்து வருஷமாக அப்படித்தான். யாரும் கேட்டதில்லை.

மெர்டேக்கா என்று நாட்டின் சுதந்திரத்தைக் கொண்டாடி மூன்று வாரம் இருக்கும். உஜோங் பாசிர் பொன்னையா தூக்கத்திலேயே போய்விட்டார். அவருக்கு ஒரே மகள், சந்திரமதி. பதிவேட்டிலிருந்த காஜா பேராங் முகவரிக்கு ஆள் ஓடினால் கதவில் பூட்டு. ஐந்தே நாள் குடியிருந்தவள் எங்கே போனாள் என்று அக்கம்பக்கத்துக்குத் தெரியவில்லை. மறுநாள் அடக்கம் செய்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பாசாரில், காய்கறிச் சந்தையில், யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அப்பா முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

"வீடு மாறின அன்னைக்கே புக்கிட் ரம்பாய்ல சொல்லிட்டேனே!" என்று கதறினாள்.

கமிட்டி கூடியது. புக்கிட் ரம்பாய் எழுத்தர் ஜெயபாலன் மேல் சேதுபதி பாய்ந்தார். "கோழி கிண்டின மாதிரி எழுதுற ஒனக்கெல்லாம் எதுக்குய்யா பேனா?"

"நான் எழுதி அனுப்புனேண்ணே."

எல்லாரும் சிரித்தார்கள். ஜெயபாலன் பதிவேட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

அவன் குற்றத்தை நிரூபித்தே தீருவதென்று சேதுபதி மூன்று பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். ஜெயபாலன் எழுதியிருந்தான்: வெள்ளிக்கிழமை, பதின்மூன்றாம் தேதி, புக்கிட் ரம்பாய். அதை அடித்து, கீழே மறுபடியும் காஜா பேராங். காரணம் காட்டும் சீட்டும் குத்தியிருந்தது. சனிக்கிழமை, பதினான்காம் தேதி. எழுத்து முத்துமுத்தாக இருந்தது.

இழுப்பறையைக் கிண்டினார். அட்டை கிடைத்தது. சந்திரமதி காஜா பேராங்குக்குக் குடிவந்ததைச் சொன்னது திங்கட்கிழமை. அந்தப் பழைய செய்திதான் சனிக்கிழமைத் தேதியைப் போட்டுக்கொண்டு போய் வெள்ளிக்கிழமை உண்மையை அடித்திருக்கிறது.

காது மடல் எரிந்தது. அட்டையைக் கிழித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது என்று ஒரு கணம் நினைத்தார். நினைத்ததற்கும் சேர்த்துக் கூசிப்போனார்.

முதலில் ஜெயபாலன் வீட்டுக்குப் போனார். அவன் வாசலிலேயே நின்று கேட்டான். "என்கிட்ட சொல்லி என்னண்ணே ஆவப்போவுது? அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லுங்க."

அட்டையையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். சந்திரமதி அட்டையை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"அப்பா பேர இன்னும் அடிக்கலியா?"

"இல்லம்மா."

"அடிச்சிருங்க."

சேதுபதி பதிவேட்டை விரித்துப் பேனாவை எடுத்தார்.

"செத்த தேதிய போடுவீங்களா," என்று கேட்டாள் சந்திரமதி, "இல்ல சனிக்கிழம வரட்டும்னு வச்சிருப்பீங்களா?"

இன்றைக்கும் அந்தப் பதிவேட்டில் ஒரு வரி மட்டும் கோணல்மாணலாக இருக்கிறது.