நம்ம ஊர்ப் பிள்ளை

தாராவியில் தோல் பை தைக்கிறேன். ஆறாவது படிக்கும் என் மகளை, எங்கள் ஊர்க்காரரின் பத்தாவது படிக்கும் மகளோடுதான் பள்ளிக்கு அனுப்புவேன்.

ஒரு நாள் மகள், "அந்த அக்காகூட போமாட்டேன்ப்பா," என்று அழுதாள்.

"நம்ம ஊர்ப் பிள்ளைதானட்டி," என்று அதட்டி அனுப்பினேன்.

"நான் பாத்துக்கிடுதேன் மாமா," என்று சிரித்தாள் பெரியவள்.

அன்று மாலை மகள் வீடு திரும்பவில்லை. சந்து சந்தாகத் தேடினேன். பெண்கள் பொதுக் கழிப்பறை வாசலில் பதறிப்போய்க் கூப்பிட்டபோது, உள்ளே அழுகை கேட்டது. வெளியே வந்தவளின் கையெல்லாம் காம்பஸ் முனை குத்திய புள்ளிகள். "அந்த அக்காதாம்ப்பா குத்துனா," என்று விம்மினாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேம்லாப்பா."

மறுநாள் பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியையைப் பார்த்தேன். அழுதுகொண்டேதான் சொல்லி முடித்தேன். இப்போது அந்தப் பெண்ணை ஆசிரியைகள் கண்காணிக்கிறார்கள். என் மகளோ இன்னும் என்னிடம் எதையும் சொல்வதில்லை.