செல்வத்துக்குப் போட்ட ஊசி

சென்ற ஆண்டு என் மகன் செல்வத்துக்கு வயிற்றுப் புற்றுநோய். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை முடிந்து புற்றுநோய் மருந்தை ஊசியாகப் போட்டார்கள்; தேறிவிட்டான். எங்கள் ரப்பர் தோட்டத்து முனியாண்டிக்கும் அதே நோய்தான். அவருக்குச் சிறுநீரகம் பலவீனம் என்று டாக்டர் மருந்தைக் குறைத்தார்.

அவர் மனைவி லெட்சுமிக்குப் பொறுக்கவில்லை. "நம்ம தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் எல்லாருக்கும் ஒரே பாட்டில்லருந்துதான்லா மருந்து ஊத்துவாரு. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் பாதி?" என்றார். என்னிடம் செல்வத்தின் அளவைக் கேட்டுக்கொண்டு போய், தனியார் கிளினிக்கில் அதையே போடவைத்தார். முனியாண்டியின் உடல் தாங்கவில்லை. இறந்துவிட்டார்.

துக்கம் கேட்கப் போனேன். "அதே ஊசிதானே, அண்ணே? ஒங்க மகன் மட்டும் எப்படி நடக்குறான்?" என்றார் லெட்சுமி.

இப்போது மருந்தின் அளவை யார் கேட்டாலும் "ஒங்க டாக்டரைக் கேளுங்க" என்றுதான் சொல்கிறேன். செல்வத்தை அந்த வீட்டு வழியாக அனுப்புவதில்லை.