லொறிக்கு அடியில் சிவப்பு

நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பதினெட்டு வருடமாகக் கொழுந்து லொறி ஓட்டுகிறேன். இதைச் சொல்லும்போது நெஞ்சு தானாக நிமிர்ந்துவிடும். சத்தத்தைக் கேட்டே லொறிக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவேன் என்று வேறு பீற்றிக்கொள்வேன். "லொறி பேசுறது எனக்கு வெளங்கும், வீட்டுல பேசுறதுதான் வெளங்காது" என்பது பசறை டீக்கடையில் நான் வழக்கமாக எடுத்துவிடும் பகிடி.

அந்த வீட்டுக்காரி அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். பின்னேரம் மேல்மலை எடைக் கொட்டகையான மடுவத்தில் கொழுந்தை நிறுத்து முடிந்ததும், சாக்குகளோடு அவளும் இன்னும் பத்துப் பதினைந்து பெண்களும் லொறியில் ஏறிக்கொள்வார்கள். அங்கிருந்து பெக்டரி வரை ஒரே இறக்கம். ஒரு பக்கம் பள்ளம்.

சரஸ்வதி பூசைக்கு லொறிக்கும் பொட்டு வைத்து ஒரு மாதம் இருக்கும். நாலைந்து நாளாகவே அவள் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கெளம்புறப்ப அடியில டக்குன்னு கேக்குதுங்க. கியர் மாத்துனாலும் கேக்குது."

"ஊர்க்கத பேசிட்டு வர்ற ஆளுக்கு லொறிச் சத்தம் கேக்குதாக்கும்."

"நாங்க உக்காந்திருக்குற எடத்துக்கு நேரா கீழதாங்க கேக்குது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் உண்டு. சத்தத்தை வைத்தே நோய் கண்டுபிடிக்கும் அந்த மேதை, முன்னால் பாட்டை அலற விட்டுக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தான்.

அவள் சொன்ன இடத்தில் என்ன ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும். கியர் பெட்டியின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு அது. குழியில் விழுந்து எழும்பும்போது தண்டின் சாய்வு மாறிக்கொண்டே இருக்கும். அதற்கு ஈடுகொடுப்பதற்காக இரண்டு முனையிலும் யுனிவர்சல் ஜொயின்ட் இருக்கும். கூட்டல் குறி போல ஓர் இரும்பு, அதன் நான்கு கையிலும் ஒவ்வொரு கிண்ணம், கிண்ணத்துக்குள் வரிசையாக மெல்லிய ஊசிகள். கிரீஸ் வற்றினால் ஊசி தேய்ந்து, கிண்ணத்தின் ஓரத்தில் சிவப்புத் துருவாகக் கக்கும். இதையெல்லாம் புதிதாக வந்த டிரைவர்களுக்கு நானே விளக்கியிருக்கிறேன்.

அன்று மடுவத்தில் எல்லோரும் ஏறத் தயாராக நிற்கும்போது அவள் மட்டும் கீழேயே நின்றாள்.

"அடியில பாத்துட்டு வாங்க. அப்புறம் ஏறுறேன்."

இத்தனை பேர் முன்னால் இப்படிச் சொன்னால் என்ன செய்வது? சாக்கை விரித்து, டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் நுழைந்தேன். பின் ஜொயின்ட் கிண்ணத்தைச் சுற்றிச் சிவப்பாக இருந்தது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பூசைக் குங்குமம்! ஒரு மாத மழை, சேறு, அத்தனைக்கும் கரையாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறாள் அம்மன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு அதையே விரலால் தொட்டு நெற்றி நடுவில் இட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

"ஒண்ணுமில்ல. பூசைக் குங்குமம்கூட இன்னும் அழியல, பாரு."

பெண்களில் சிலர் பக்தியோடு கும்பிட்டுவிட்டு லொறியில் கால் வைத்தார்கள். அவள் என் நெற்றியை உற்றுப் பார்த்தாள்.

"கீழ எங்கங்க குங்குமம் வச்சீங்க? கண்ணாடிக்கும் டயருக்குமே தீந்துபோச்சுன்னு, அடியில வெறும் திருநீறுதானே பூசுனீங்க? தட்டப் புடிச்சிட்டு நின்னது நானு."

விரல் நுனியை உரசிப் பார்த்தேன், துருவாக நறநறத்தது.

மறுபடியும் அடியில் போனேன், இந்த முறை டிரைவராக. சக்கரங்களுக்குக் கல் போட்டு, கியரை நியூட்ரலில் விட்டு, தண்டை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினேன். டக். மேலும் கீழுமாக அசைத்தேன். ஆடவே கூடாத கிண்ணம் லொட லொட என்று ஆடியது. எங்கள் லொறியில் அந்தத் தண்டு கழன்றால் கியரும் பிடிக்காது, கை பிரேக்கும் பிடிக்காது. நாலைந்து நாளாக அவளை அதற்கு நேர் மேலே உட்கார வைத்து இறக்கத்தில் கொண்டுவந்திருக்கிறேன். கொஞ்ச நேரம் அங்கேயே படுத்திருந்தேன். வெளியே வந்து அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அன்று கொழுந்து டிராக்டரில் போனது. பெண்கள் நடந்து போனார்கள். நான் ஜொயின்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு பசறைக்கு ஓடினேன். லொறியின் பெயரைச் சொல்லி ஜொயின்ட் கேட்டதற்கு உதிரிப்பாகக் கடைக்கார நானா சிரித்தார்.

"பேரச் சொல்லி இத வாங்க ஏலாது தம்பி. ஒரே லொறிக்கு ரெண்டு மூணு சைஸ் வரும். பழசத் தாங்க."

கிண்ணத்தின் அகலம், கிண்ணத்துக்குக் கிண்ணம் நீளம், பூட்டுக் கிளிப் உள்ளேயா வெளியேயா என்று அளந்து பார்த்தார். பிறகு ஒரு கிண்ணத்தைக் கழற்றிக் கடதாசியில் கவிழ்த்தார். சிவப்புப் பொடிதான் கொட்டியது.

"ஊசியெல்லாம் எங்க தம்பி?" என்றவர் என் நெற்றியைப் பார்த்தார். "கொஞ்சம் அங்க இருக்கு போல."

இப்போது பூசைக்கு லொறியின் அடியில் திருநீறு மட்டும்தான். சிவப்பாக எதுவும் அங்கே போகக் கூடாது என்பது வீட்டுக்காரியின் சட்டம். டீக்கடையில் அந்தப் பகிடியையும் விட்டுவிட்டேன். தினமும் மடுவத்தில் அடியில் படுத்து, தண்டைத் திருப்பி, கிண்ணங்களைத் தடவிவிட்டு வெளியே வருகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல அவள் முன்னால் விரல்களை நீட்டுகிறேன். கிரீஸ் கறுப்பு மட்டும் இருந்தால் ஏறிக்கொள்கிறாள்.