நீலாம்பாளின் ஏழு பலாமரங்கள்

கல்லாற்றங்கரையில் நீலாம்பாளுக்கும் அவள் கொழுந்தன் ஆறுமுகநயினாருக்கும் பொதுவாக ஏழு பலாமரங்களோடு ஒன்றரை ஏக்கர் இருந்தது. நாஞ்சில் நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். கணவருக்குப் பட்டணத்துச் சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டியில் வேலை. மாதம் ஒருமுறை அரிசியோடு வருவார். யுத்தத்தில் பர்மா அரிசி நின்றதும் அவர் கொண்டுவருவது இரண்டு வாரத்துக்குக்கூடப் போதவில்லை. வீட்டில் எட்டுப் பேர்.

1943 சித்திரையில் ஆறுமுகநயினார் ஒரு முடிவோடு வந்தார்.

"மயினி, நாளைக்கு ராஜையன் கோடாலியோட வருவான். ஏழு சக்கை மரத்தையும் சாய்ச்சிட்டு மரச்சீனி போட்டிருவோம். நிழல்ல கிழங்கு பிடிக்காது."

"கிழங்கு எப்பம் பிடுங்குவிய?"

"தையில."

"அதுவரைக்கும் எட்டுப் பேருக்கும் மரக்கட்டையப் பொங்கிப் போடவா தம்பி?"

"சக்கையத் தின்னு வயிறு உப்பிப் போச்சு."

"உப்பட்டும். ஒட்டாம இருக்குல்லா."

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மறுநாள் ராஜையன் வந்தபோது அவள் முதல் மரத்தடியில் நின்றாள். மரத்தை வெட்டும் பேச்சு வீட்டில் அடிபட்ட மூன்று நாளாகவே அவள் காலை, உச்சி, சாயங்காலம் என்று நிழலின் ஓரத்தில் கல் வைத்துப் பார்த்திருந்தாள். பலா காய்ப்பது அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும். நிழல் விழுவது மேலே உள்ள சிறு கொம்புகளால். அவற்றைக் குறைத்தால் காய் நிற்கும், வெயிலும் இறங்கும் என்பது அவள் கணிப்பு.

"மேல உள்ள கொம்ப மட்டும் கழி. முதல்ல கொம்புக்கு அடியில ஒரு வெட்டு, பொறவு மேல. தோல் உரியாம விழணும்."

"கோடாலி கொண்டுவந்திருக்கேன், நீங்க சீப்புக் கேக்கிய" என்றான் ராஜையன். ஆனாலும் அரிவாளை இடுப்பில் செருகி அந்த ஒரு மரத்தில் ஏறினான்.

ஆறுமுகநயினார் தடுக்கவில்லை. "நாப்பது நாள் பாப்பேன். செடி நோஞ்சானா வந்தா அத்தனை மரமும் போவும்."

மரவள்ளிக் கம்பு வெட்டவெளியில் பத்து, கொம்பு கழித்த மரத்தடியில் பத்து, கழிக்காத மரத்தடியில் பத்து என்று நட்டார்கள். கழித்த தழையை அவள் மூன்று இடத்துக்கும் சமமாகப் பரப்பினாள். தனக்குச் சாதகமாக எதையும் செய்ததாகப் பேச்சு வரக்கூடாது. அந்த நாற்பது நாளும் வீட்டில் சக்கைதான். வேகவைத்த புழுக்கு, எரிசேரிக் கூட்டு, பழம். பலாக்கொட்டையான குருவைக் கழுவி, கெடாமல் இருக்கச் செம்மண் பூசி மூலையில் குவித்து வைத்தாள்.

நாற்பதாம் நாள் ஆறுமுகநயினார் குந்தியிருந்து தண்டுகளை விரலால் பிடித்துப் பார்த்தார். கழிக்காத மரத்தடியில் ஈர்க்குச்சி போல நெட்டையாக வளர்ந்து சாய்ந்திருந்தன. வெட்டவெளிச் செடிகள் கட்டைவிரல் பருமன். கழித்த மரத்தடியில் அதைவிடச் சற்று மெலிவு, ஆனால் நேராக நின்றன.

"வெளியில உள்ளதுதான் நல்லாருக்கு" என்றார்.

"நான் இல்லைங்கல. அந்த மூணாவது மரத்த வெட்டிக்கிடுங்க. அது பக்கத்து மரத்தையும் நெருக்குது, காயும் ரெண்டோ மூணோதான்."

அவள் வாயிலிருந்தே அது வருமென்று அவர் எதிர்பார்க்கவில்லை. எழுந்து போய் அந்த மரத்தின் காய்களை எண்ணினார். பிறகு ராஜையனுக்கு ஆள் அனுப்பினார். அவன் ஒரு மரத்தைச் சாய்த்தான். மற்ற ஐந்தின் கொம்புகளைக் கழித்தான். மழை வலுக்கும் முன் நிலம் முழுவதும் கம்பு ஊன்றினார்கள்.

ஆவணியில் சக்கை ஓய்ந்த பிறகு சேர்த்து வைத்த குரு கைகொடுத்தது. தையில் மரத்தடிக் கிழங்கு கொஞ்சம் சிறுத்துத்தான் இருந்தது. பிடுங்கிச் சுமக்க எட்டுப் பேரும், ஒருவர் குறையாமல், வந்தார்கள்.