கோரிக்கையில் இல்லாத தோட்டம்

அந்த டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிய பிறகுதான் யார் நெஞ்சிலும் வைப்பார். மடுல்கெல்ல மலைக் குளிரில் அது பெரிய மரியாதை. ஒல்லியான உடம்பு, முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை, யாழ்ப்பாணத் தமிழ். மருத்துவர் சங்கத்தின் செயலாளராக எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர், "தோட்ட டிஸ்பென்சரிக்கு நிரந்தர டாக்டர் வேணுமெண்டு அரசாங்கத்திட்ட கேக்கப்போறம்" என்றார்.

தோட்டப் பாடசாலை ஆசிரியையான நான்தான் மனுவை எழுதினேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் கறைபடிந்த விரல்களை இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கில் துடைத்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்கள். கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், லொறியிலேயே பிள்ளையைப் பறிகொடுத்த செல்லம்மாதான் முதலில் வைத்தாள்.

சங்கத்தின் கோரிக்கைகள் பத்திரிகையில் வந்தன. டாக்டர்களுக்கு விடுதி, இடமாற்றம், கொடுப்பனவு எல்லாம் இருந்தன. எங்கள் தோட்டம் இல்லை.

கண்டியில் அவருடைய அறைக்கே போனேன்.

"எங்க டாக்டர் விஷயத்தக் காணோமே, சேர்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அதைக் கேட்டா எங்கட ஆக்களைத்தானே அங்க அனுப்புவினம், டீச்சர். சங்கத்தில ஒருத்தரும் போக விரும்பேல்லை. நான்தான் அந்த வரியை எடுத்துவிட்டனான்."

"செல்லம்மாவுக்கு நான் என்னா சொல்றது?"

கோபத்தில் எனக்கு இருமல் பொங்கிக்கொண்டு வந்தது.

"இது எத்தினை நாளா?" என்று எழுந்து வந்தார். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, அவசரமே இல்லாமல், அது சூடாகும்வரை நின்றார்.

அதைக் குளிரோடு வைத்திருந்தால் அவரை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.