ஜோடி பிரிக்கிற அத்தை

அடுக்குமாடியின் பொதுத் துணி துவைக்கும் அறையில்தான் மருமகளின் காதில் அது விழுந்தது. மூன்றாம் மாடி அம்மாள் சொன்னதாக எதிர்வீட்டுக்காரி சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மாமியார் வாசல்ல கிடக்கிற செருப்புல ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்துட்டுப் போயிடுறாங்களாம். வீட்ல மூட்டை மூட்டையா ஒத்தைச் செருப்பா இருக்காமே?" சொல்லிவிட்டுக் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டாள். இரண்டிலும் செருப்பு இருந்தது.

மூட்டை இருப்பது உண்மை. அதனால்தான் மருமகளால் சட்டென்று மறுக்க முடியவில்லை. கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்து ஓராண்டுகூட ஆகாதவள் அவள். தபால்காரர் மணியடித்தாலும் கதவுக்குப் பின்னால் நின்று யோசித்துவிட்டுத்தான் திறப்பாள். ஈரத்துணிக் கூடையோடு மாடியேறி வந்து மூச்சு வாங்கச் சொன்னாள். அத்தை இரண்டு கைகளிலும் இரண்டு ஷூக்களை மாட்டிக்கொண்டு அவற்றைச் சாப்பாட்டு மேசைமேல் நடக்கவிட்டுக்கொண்டிருந்தார். குதி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதை அவர் காதால்தான் கண்டுபிடிப்பார். நடையை நிறுத்தாமலே கேட்டார்: "திருடறதுன்னு ஆயிட்டா ரெண்டையும் எடுக்க மாட்டேனா? ஒண்ணை விட்டுட்டு வர நான் என்ன லூசா?"

அத்தைக்கு வேலை மருத்துவமனையில், படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கும் பிரிவில். ஒருநாள், சர்க்கரை நோயில் ஒரு பாதத்தை இழந்து வீடு திரும்பிய ஒருவர், வாங்கி இன்னும் காலில் போடாத ஷூ ஒன்றைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் போனார். அத்தை அதை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டார். "ஒரு காலுக்குத்தான் வேணும்னா கடைக்காரன் பாதி விலைக்கா குடுக்கிறான்?" என்று அன்று கேட்ட கேள்வியை இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். பதில் கிடைக்காததால் தாமே கடை போட்டார். இணையத்தில் ஏலம் விடும் தளம் ஒன்றில் ஜோடியாக வாங்குவது, பிரிப்பது, இடது கால் தேவைப்படுபவருக்கு இடதும் வலது கால் தேவைப்படுபவருக்கு வலதுமாக விற்பது. கையில் ஒட்டுவது தபால் செலவு போகக் காப்பிக் காசு.

"வீட்ல ரெண்டு கால் இருக்கிறவனுக்கு மரியாதையே இல்லை" என்பான் மகன். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அவன் அலமாரியில் பாதி இடம் வலது கால்களுக்குப் போய்விட்டது.

ஏலத் தளத்துக்கும் அத்தைக்கும் ஆகவே ஆகாது. ஒற்றை ஷூவின் படத்தைப் போட்டால், பொருள் முழுமையாக இல்லை என்று தளத்தின் இயந்திரம் தூக்கிவிடும். ஒற்றைதான் என்று எழுதிப் போட்டால், குறையுள்ள பொருள் என்று மறுபடியும் தூக்கும். முறையிட்டால் வருகிற பதில், "உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி" என்று முடியும். அதையும் தப்பி ஏலத்துக்கு வந்தால், தலைப்பைக்கூடப் படிக்காமல் விலை கேட்கிறவர்கள் வருவார்கள். ஒருவர், "பாதிதான் வந்தது" என்று ஒற்றை நட்சத்திரம் குத்திவிட்டுப் போனார். விலையை ஏற்றி ஏற்றிக் கேட்டு ஜெயித்துவிட்டு, அப்புறம் ஆளே அகப்படாமல் போகிறவர்கள் தனி ரகம். மருமகளாக இருந்தால் முதல் வாரமே கடையைக் கட்டியிருப்பாள். அத்தையோ, ஜெயித்தவர்கள் ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துப் பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டார். "தம்பி, ஒண்ணுதான் வரும், தெரியுமில்ல? உங்களுக்கு எந்தக் கால்?" தெரியாமல் கேட்டவர்கள் அசடு வழிந்து போனை வைப்பார்கள். தெரிந்து கேட்டவர்கள் முதலில் எந்தக் கால் என்று சொல்வார்கள். பிறகு நிறையப் பேசுவார்கள்.

அப்படிப் பேசியவர்களில் ஒருத்திதான் ஓட்டல் வரவேற்பறையில் வேலை கிடைத்திருந்த பெண். பிறவியிலேயே இடது பாதம் சிறுத்தவள். இடதுக்கு மூன்றாம் எண், வலதுக்கு ஆறாம் எண். இதுவரை இரண்டு காலுக்கும் ஆறையே வாங்கி, இடது ஷூவுக்குள் துணியைத் திணித்து ஓட்டிவிட்டாள். இனி நாள் முழுக்க நிற்க வேண்டும். கறுப்பு ஷூ, இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று ஓட்டலில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் எண்ணில் கிடைப்பதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவது. இரண்டு கால் அளவுக்கும் ஒரு ஜோடி புதிதாகச் செய்து வாங்கினால் சம்பளத்தில் கால்வாசி காலுக்கே போய்விடும். வேலையில் சேர இரண்டு வாரம் இருந்தது. "துணியை வச்சுக்கிட்டே சமாளிச்சுக்கிறேன் ஆன்ட்டி" என்றாள். "சமாளிக்கிறதுக்கா வேலைக்குப் போற?" என்று அத்தை அதட்டினார்.

தேடியதில் ஓர் இடத்தில் கிடைத்தது. மூடப்போகிற கடையொன்றின் முதலாளி, மிச்சமிருந்த சரக்கை ஏலத்துக்கு விட்டிருந்தார். ஒரே மாதிரி, கறுப்பு, பட்டையான அடி. மூன்றாம் எண்ணில் ஒரு ஜோடி, ஆறாம் எண்ணில் ஒரு ஜோடி. அத்தை இரண்டுக்கும் விலை கேட்டார். உடனே ஒருவர் அதற்கு மேல் கேட்டார். ஏலம் கேட்பவரின் பெயரைத் தளம் காட்டாது. முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் தெரியும், நடுவில் மூன்று நட்சத்திரங்கள் இருக்கும். அத்தை அந்த ஆளுக்கு நட்சத்திரம் என்றே பெயர் வைத்துவிட்டார். நாலு நாள், அத்தை ஒரு படி ஏறினால் நட்சத்திரம் இரண்டு படி ஏறியது. "நல்லா இருப்பியா நீ" என்று திரையைப் பார்த்து அத்தை திட்டுவதை மருமகள் பலமுறை கேட்டாள்.

கடைசி நாள் மதியம் இருவரும் கணினி முன்னால் உட்கார்ந்தார்கள். ஆறாம் எண் அத்தைக்கு வந்தது, நினைத்திருந்ததைவிட இரண்டு மடங்கு விலைக்கு. மூன்றாம் எண்ணும் கைக்குள் வந்ததுபோல்தான் இருந்தது. முடியும் நொடியில் நட்சத்திரம் பறித்துக்கொண்டது.

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது என்று அவள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, அத்தை நாற்காலியில் சாய்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்திலிருந்த கோபம் மெல்ல வடிந்தது.

"ஏம்மா, அதுக்கு மூணு மட்டும் வேணும்னா, ஆறுக்கு எதுக்கு என்கூட மல்லுக்கு நின்னுச்சு?"

மருமகள் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரே ஷூ, ரெண்டு அளவு. ரெண்டையும் விடலை. யாரு அப்படிக் கேப்பா? நம்மளை மாதிரி ஆளுதான். இல்லைன்னா, நம்ம பொண்ணு மாதிரி ஒரு ஆளு." பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "நாலு நாளா கண்ணாடியைப் பார்த்து சண்டை போட்டிருக்கேன் பாரு."

அந்த ஆளுக்கு இடது பெரிதாகவும் வலது சிறிதாகவும் இருந்தால், இரண்டு ஜோடியும் இருவருக்கும் சரியாகப் பிரிந்துவிடும். ஒருவரோடு ஒருவர் மோதி விலையை ஏற்றியிருக்கவே வேண்டாம். இப்போது ஆளுக்கு ஒரு ஜோடி கையில் இருக்கிறது. இரண்டுமே தனியாக இருந்தால் உதவாது.

அத்தை கடைக்காரருக்கு விவரம் எழுதச் சொன்னார். மருமகள் அந்த ஊர் மொழியில் மூன்று தடவை எழுதித் திருத்தி அனுப்பினாள். வம்பு என்று எடுத்துக்கொண்டு புகார் கொடுத்துவிடுவாரோ என்ற கவலையில் அன்று முழுக்கக் கணினியைத் திறந்து திறந்து பார்த்தாள். புகார் ஒன்றும் வரவில்லை. ஆறாம் எண் பெட்டி வந்து சேர்ந்த அன்று கடைக்காரரிடமிருந்து தொலைபேசி எண் ஒன்று வந்தது. மூன்றாம் எண்ணை வாங்கியவரிடம் கேட்டுவிட்டாராம். சாயங்காலம் கூப்பிடலாம் என்றார்களாம். வேறு ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஓட்டல் பெண் வேலையில் சேர இன்னும் ஐந்து நாள் இருந்தது.

சாயங்காலம் அத்தை எண்ணைப் போட்டு, ஒலியைப் பெரிதாக்கி, கைப்பேசியை மேசைமேல் வைத்தார். மணி போய்க்கொண்டிருந்தது. மருமகள் நகத்தைக் கடித்தாள். அதுவரை கேட்கப் பயந்திருந்ததைக் கேட்டாள்.

"அத்தை, அவங்களுக்கும் நம்ம பொண்ணு மாதிரியே இடது கால்தான் சின்னதுன்னா?"

"அப்ப அவங்களையும் சேர்த்துக்கிட்டு இன்னொரு ஆளைத் தேடுவோம். தேடறதுக்கு ஆள் கூடுனா நல்லதுதானே."

மணி இன்னும் போய்க்கொண்டிருந்தது. அத்தை பெட்டியைத் திறந்து, வலது ஷூவை எடுத்து ஓரமாக வைத்தார். இடது ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கி, பயணத்தில் நசுங்கிவிடாதபடி அதன் முனைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கத் தொடங்கினார்.